கடல் ஓதமும் மின்னாற்றலும்

பெரும்பாலான கடற்கரைகளில் நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறுகிறது; இருமுறை இறங்குகிறது. இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஓதம் என்ற அழகிய சொல்லால் நம் முன்னோர் வழங்கினர். முழுநிலா நாளுக்கும் அமாவாசை நாளுக்கும் உவா என்பது பழைய பெயர். வெள்ளுவா என்றும் காருவா என்றும் அவற்றைப் பிரித்துக் கூறுவர். உவா நாள்களில் ஓதம் பெருகும் என்பதைக் கடற்கரை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஓதம் வேறு, அலை வேறு என்பதை முதலிலேயே மனத்திற் கொள்ளவேண்டும். அலையைக் காற்று எழுப்புகிறது. ஓதத்தையோ நிலவின் ஈர்ப்பும் ஞாயிற்றின் ஈர்ப்பும் எழுப்புகின்றன. காற்று நின்றால் அலை அடங்கிவிடும். ஓதம் ஒரு நாளும் தவறுவதில்லை.

இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு ஏறியிறங்கும்போது அதிலுள்ள வலிமையைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாகாதா? எடுக்கலாம், எடுத்தும் இருக்கிறார்கள். அப்படியானால் உலகம் முழுவதும் அத்தகைய நிலையங்கள் ஏன் எழவில்லை? விரல்விட்டு எண்ணத்தக்க சில இடங்களிலேயே அவை ஏன் நிற்கின்றன? இக்கேள்விக்கு விடையாக நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை மறுபக்கமும் எழுதிக் கூட்டிக் கழித்துக் காட்டுவது எளிது. தேர்வுக்கு அது போதும். ஆயினும் உண்மையை அறிய அது போதாது என்பது என் கருத்து. ஒரே பொறி ஓரிடத்தில் ஒரு கழிமுகத்தின் உயிரைக் கெடுத்தது. மற்றோரிடத்தில் கெட்டுப்போன நீருக்கு உயிர் கொடுத்தது. இதனை விளக்கக்கூடியது வரலாறு ஒன்றே. ஆகவே அவ்வரலாற்றையே இன்று நான் சுருக்கமாகச் சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் இயற்கையின் கணக்கைச் சற்று நோக்குவோம். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் செல்கிறது. ஆதலால் இன்று காலை ஆறு மணிக்குக் கடல் ஏறியிருந்தால், நாளை ஏறத்தாழ ஆறு மணி ஐம்பது நிமிடத்திற்கே ஏறும். உவா நாள்களில் நிலவும் ஞாயிறும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் மிகுகிறது. அரைநிலா நாள்களில் அவை ஒன்றற்கொன்று குறுக்கே இழுப்பதால் குறைகிறது. இதனை ஆண்டுகள் பலவற்றிற்கு முன்னதாகவே கணக்கிட்டு அச்சிட்டுவிடலாம். நாளை மழை பெய்யுமா, காற்று வீசுமா என்று உறுதியாகச் சொல்ல இயலாத நாம், பத்தாண்டு கழித்து ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு துறைமுகத்தில் கடல் எப்போது ஏறும் என்பதைச் சொல்லிவிட முடிகிறது. ஓத மின்னாற்றலின் முதற்பெருமை இதுவே.

ஆனால் ஓதம் எங்கும் ஒரே உயரம் ஏறுவதில்லை. சென்னைக் கடற்கரையில் அது சுமார் ஒரு மீட்டரே. பிரான்சு நாட்டின் ரான்சு ஆற்றுக் கழிமுகத்தில் சராசரி எட்டு மீட்டர். பெரும் உவாக்களில் 13 மீட்டருக்கும் மேல். கனடாவின் பண்டி விரிகுடாவின் உட்கோடியில் 16 மீட்டர் வரை ஏறுகிறது. புனல்போல் குறுகிச் செல்லும் விரிகுடாவினுள் கடல் நுழையும்போது இடுக்கில் அகப்பட்டு உயர்கிறது. அன்றியும், விரிகுடாவின் நீளமும் ஆழமும் ஓதத்தின் காலத்தோடு ஒத்துவந்தால், ஊஞ்சலைத் தக்க நேரத்தில் தள்ளினாற் போல் ஏற்றம் மேன்மேலும் பெருகுகிறது.

இந்த உயர வேறுபாடு சிறியதன்று. ஏற்றம் இருமடங்கானால் தேங்கும் நீரின் அளவும் இருமடங்காகும். அந்நீர் விழும் உயரமும் இருமடங்காகும். ஆகவே கிடைக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிறது. எட்டு மடங்கு ஏற்றத்திற்கு அறுபத்து நான்கு மடங்கு ஆற்றல். சென்னையில் ஓர் அணை கட்டி நீரைத் தேக்கினால், அதே பரப்புள்ள ரான்சு நீர்த்தேக்கம் தரும் ஆற்றலில் அறுபத்து நான்கில் ஒரு பங்கே தேறும். கடல் இருக்கும் இடமெல்லாம் ஓத மின்சாரம் எடுக்கலாம் என்ற எண்ணம் இதனால் அடிபட்டுப் போகிறது.

மின்சாரம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மனிதர் ஓதத்தை வேலை வாங்கினர். வட அயர்லாந்தில் ஸ்டிராங்போர்டு லாக் என்றொரு கடற்கழி உண்டு. அதன் தீவொன்றில் நெண்ட்ரம் என்னும் மடத்துத் துறவிகள் கி.பி. 619-ஆம் ஆண்டையொட்டி ஓத ஆலை ஒன்றை நிறுவினர். அங்குக் கிடைத்த மரத்துண்டுகளின் வளையங்களை எண்ணி அறிஞர்கள் அக்காலத்தைக் கண்டனர். ஆலையின் அமைப்பு எளியது. கரையோரத்தில் ஒரு குளம், அதற்குக் கதவு. கடல் ஏறும்போது கதவு திறந்து நீர் உள்ளே புகும். இறங்கத் தொடங்கியதும் கதவு மூடிக்கொள்ளும். வெளியே கடல் போதிய அளவு தாழ்ந்தபின் குளத்து நீரை ஒரு வாய்க்கால் வழியே விட்டால் சக்கரம் சுழலும், மாவு அரைபடும். இன்றைய பேரணைகள் பலவற்றின் தத்துவமும் இதற்கு மேல் இல்லை.

இத்துறையில் நன்மையோடு தீமையும் தொடக்கத்திலேயே உடன்வந்தது. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னனுடைய ஆணையால் 1086-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட நிலக்கணக்கேடு ஒன்று உண்டு. டூம்ஸ்டே ஏடு என்பர். டோவர் துறைமுகத்தின் வாயிலில் நிற்கும் ஓர் ஆலையைப் பற்றி அதில் ஒரு குறிப்புக் காணப்படுகிறது. அந்த ஆலை நீரைக் கலக்கிக் கப்பல்களுக்குக் கேடு விளைவிக்கிறது என்றும், முந்தைய மன்னன் காலத்தில் அஃது அங்கு இல்லை என்றும் கணக்கர்கள் எழுதிவைத்தனர். அதனை ஓத ஆலை என்றே பெரும்பாலோர் கொள்கின்றனர். மாவு அரைப்பவனுக்குக் கிடைத்த ஊதியம் மாலுமிக்கு இழப்பாயிற்று. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கர் எழுதிய அந்த முறையீட்டைப் பின்னர் ஒவ்வோர் ஓத நிலையத்தின் வரலாற்றிலும் வேறு வேறு உருவங்களில் நான் காண்கிறேன்.

லண்டன் மாநகரில் தேம்ஸ் ஆற்றுப் பாலத்தின் வளைவுகளுக்கிடையே பாய்ந்த ஓதநீரால் சக்கரங்களைச் சுழற்றி நகருக்குக் குடிநீர் இறைத்தனர். பீட்டர் மாரிஸ் என்பவர் 1582-இல் தொடங்கிய அவ்வேலை 1822 வரை நடைபெற்றது. சபோக் மாவட்டத்து உட்பிரிட்ஜ் என்னும் ஊரில் 1170-ஆம் ஆண்டிலேயே குறிக்கப்பட்ட ஓத ஆலை, 1957-இல் அதன் ஓக் மரத்து அச்சு முறியும்வரை மாவு அரைத்து வந்தது. இத்தகைய ஆலைகளில் வேலைசெய்தவனுக்குக் கடிகாரம் ஆண்டான் அல்லன், நிலவே ஆண்டான். இன்று நண்பகலில் அரைத்தால், ஒரு வாரம் கழித்து விடியற்காலையிலும் மாலையிலுமாக அரைக்க நேரும். வேளை தவறாமல் வரும் ஓதம், நாம் வேண்டும் வேளையில் வருவதில்லை. இந்தக் குறையை நீராவி எந்திரம் தீர்த்துவைத்தது. நிலக்கரியை எந்த நேரத்திலும் எரிக்கலாம் அன்றோ! ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் மின்சாரத்தின் தேவை பெருகவே, பழைய எண்ணம் புதிய உருவில் எழுந்தது. அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் பாசமக்வாடி விரிகுடாவில் பெரிய ஓத நிலையம் கட்டவேண்டும் என்று டெக்ஸ்டர் கூப்பர் என்ற பொறியறிஞர் ஓயாது முயன்றார். அக்கரையையொட்டிய தீவொன்றில் கோடை மாளிகை உடையவரும் அவ்வோதத்தை நேரிற் கண்டு வளர்ந்தவருமான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானபோது, 1935-இல் வேலை தொடங்கியது. தொழிலாளர்க்கென ஒரு சிற்றூரே எழுந்தது. சுமார் 70 லட்சம் டாலர் செலவாயிற்று. ஆனால் மறுஆண்டே அமெரிக்கப் பேரவை மேற்கொண்டு பணம் தர மறுத்துவிட்டது. சில சிறிய அணைகளோடு வேலை நின்றது. எரிபொருளுக்குச் செலவில்லை என்பது மெய்யே. எனினும் முதல் யூனிட் மின்சாரம் பிறப்பதற்கு முன்பே முழுப்பணத்தையும் கடலில் இறக்கவேண்டும். பல திட்டங்கள் காகிதத்தோடு நின்றுபோனதற்கு இதுவே முதற்காரணம்.

அமெரிக்கா கைவிட்டதைப் பிரான்சு செய்து முடித்தது. பிரிட்டனி மாநிலத்தில் சான்மாலோ, தினார் என்னும் இரு கடற்கரை நகரங்களுக்கு இடையே ரான்சு ஆறு கடலிற் கலக்கிறது. இடைக்காலத்திலேயே ஓத ஆலைகள் இயங்கிய கழிமுகம் அது. ஆகவே புதிய திட்டத்திற்கும் அவ்விடம் பொருத்தமாயிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே தொடங்கிய ஆராய்ச்சி ஏறத்தாழ இருபது ஆண்டு நடந்தது. ராபர்ட் ஜிப்ரா என்ற பொறியறிஞர் இத்திட்டத்தை வகுத்தவர்களுள் தலையானவர். அவரும் தோழர்களும் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல்கள் பல. நீர் இரு திசையிலும் பாயும். விழும் உயரமோ மணிக்கு மணி மாறும். உப்புநீர் இரும்பை அரிக்கும். இவற்றுக்கு விடையாக, குமிழ் வடிவான உறையினுள் மின்னாக்கியை அடைத்து, அவ்வுறையோடு நீரோட்டத்தினுள்ளேயே அமிழ்த்திவைக்கும் டர்பைனை உருவாக்கினர். அரிப்பைத் தடுக்க மெல்லிய மின்னோட்டத்தைப் பயன்படுத்தும் முறையைக் கையாண்டனர்.

அந்த டர்பைன் நீர் வெளியேறும்போதும் சுழலும், உட்புகும்போதும் சுழலும், வேண்டும்போது நீரை இறைக்கும் எந்திரமாகவும் மாறும். கடல் முழுதும் ஏறியிருக்கும் வேளையில் உள்நீரின் மட்டமும் வெளிநீரின் மட்டமும் ஏறத்தாழச் சமம். அப்போது சிறிது மின்சாரம் செலவிட்டுத் தேக்கத்தின் மட்டத்தை ஒரு மீட்டர் உயர்த்துவது எளிது. சில மணி கழித்து, கடல் தாழ்ந்தபின், அதே நீர் ஐந்தாறு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. கொடுத்ததைக் காட்டிலும் கொள்வது மிகுதி. நிலவு வகுத்த நேரத்தைச் சிறிது முன்பின்னாகத் தள்ளிவைக்கவும் இம்முறை உதவியது. பழைய ஆலைக்காரன் கனவிலும் காணாத வசதி இது.

கட்டிய முறையைத்தான் நாம் கூர்ந்து நோக்கவேண்டும். 750 மீட்டர் நீளமுள்ள அணையையும் அதனுள் 24 டர்பைன்களையும் அமைப்பதற்கு உலர்ந்த தரை தேவைப்பட்டது. பெருக்கெடுத்து ஓடும் ஓதத்தின் நடுவே உலர்ந்த தரையை எங்கே தேடுவது? ஆகவே கழிமுகத்தின் குறுக்கே தற்காலிகத் தடுப்பணை கட்டி, 1963-ஆம் ஆண்டு ஜூலையில் ஆற்றைக் கடலினின்றும் அறவே பிரித்துவிட்டனர். இடைவெளி குறுகக் குறுக நீரோட்டத்தின் வேகம் பெருகியது. அதனை வென்று கடைசி இடைவெளியை அடைத்தது பொறியியலில் ஒரு பெருஞ்செயலே. இருபுறமும் நீர் நிற்க, நடுவே உலர்ந்த பள்ளத்தில் மூன்றாண்டு வேலை நடந்தது. 1966-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் குடியரசுத் தலைவர் டி கால் நிலையத்தைத் திறந்துவைத்தார். கடைசி டர்பைனும் 1967 டிசம்பரில் மின் தொகுப்போடு இணைந்தது.

அணையின் மேல் ஒரு சாலையும் அமைந்தது. அதுவரை இரு நகரத்தாரும் சாலைவழியே ஒருவரையொருவர் காண நெடுந்தொலைவு சுற்றவேண்டியிருந்தது. அந்தச் சுற்று தீர்ந்தது. நிலையத்தின் திறன் 240 மெகாவாட். ஆண்டொன்றுக்குச் சுமார் 50 கோடி யூனிட் மின்சாரம் கிடைக்கிறது. கரி இல்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. 2011 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், உலகின் மிகப் பெரிய ஓத மின்நிலையம் என்ற பெயர் அதற்கே உரித்தாயிருந்தது.

ஆனால் அம்மூன்றாண்டுகளில் அணைக்கு உட்புறம் என்ன நேர்ந்தது? கழிமுகம் என்பது ஆறும் கடலும் கலந்து வாழும் இடம். கடல்நீர் நாள்தோறும் இருமுறை உப்பும் உணவும் கொண்டுவந்து சேர்க்கும். அழுக்கை அகற்றிச் செல்லும். வாயில் அடைபட்டதும் நீரின் உப்புத்தன்மை குறைந்தது. அழுகிய பொருள்கள் அடியிற் படிந்தன. கடலுக்குரிய செடிகொடிகளும் சிப்பிகளும் மீன்களும் ஏறத்தாழ முற்றும் மறைந்தன. அணை திறந்தபின் உயிர்கள் திரும்பின. ஆயினும் புதியதொரு சமநிலை ஏற்படப் பத்தாண்டு சென்றது. கணவாய் போன்ற சில உயிர்கள் நன்கு திரும்பின. மணலில் வாழும் சில மீன்கள் திரும்பவில்லை. நீர் முன்போல் விரைந்து ஓடாமையால் வண்டல் படிகிறது. அந்த வண்டலை என்செய்வது என்பது ரான்சுக் கரையில் இன்றுவரை தீராத வழக்காகவே உள்ளது.

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் அங்குள்ள மீனவர் படும் துன்பத்தை அறிந்தவர்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கழிக்கு வாயிலே மூக்கு. அது அடைபட்டால் உள்ளிருக்கும் உயிர் திணறும். ரான்சில் தீமைக்குக் காரணம் மின்சாரம் எடுத்தது மட்டுமன்று. கட்டுவதற்காக மூன்றாண்டு மூச்சை நிறுத்தியதே பெருங்காரணம். இந்த வேறுபாட்டை மறவாதிருத்தல் வேண்டும். கட்டுமானத்தை வேறு வகையிலும் செய்யலாம் என்பதற்குச் சான்று உண்டு. 1968-இல் இரஷ்யர்கள் பேரன்ட்சுக் கடல் ஓரத்தில் கிஸ்லாயா குபா என்னுமிடத்தில் 400 கிலோவாட் திறனுள்ள சிறு நிலையம் ஒன்றை அமைத்தனர். லெவ் பெர்ன்ஸ்டைன் என்ற அறிஞரின் திட்டப்படி, நிலையக் கட்டடத்தை வேறிடத்தில் கட்டி முடித்து, கப்பலைப் போல் மிதக்கவிட்டு இழுத்து வந்து உரிய இடத்தில் அமிழ்த்தினர்.

இனி, வரவையும் கணக்கிடுவோம். 240 மெகாவாட் நிலையம் ஆண்டு முழுவதும் ஓயாது முழுத்திறனோடு ஓடினால் 210 கோடி யூனிட் தரவேண்டும். ரான்சு தருவது அதில் நான்கில் ஒரு பங்கே. ஓதம் திரும்பும் வேளைகளில் டர்பைன்கள் சும்மா நிற்கின்றன. அரைநிலா நாள்களில் மெலிந்து ஓடுகின்றன. ஆகவே ஓத நிலையம் ஒன்றை மட்டும் நம்பி ஒரு நகரம் வாழ இயலாது. வேறு நிலையங்களோடு சேர்ந்தே அது பயன்தரும். பிரான்சு நாடும் பின்னர் அணுமின்சாரத்தின் பக்கம் திரும்பிற்று; ரான்சுக்கு இணையான இரண்டாம் நிலையத்தை அங்குக் கட்டவில்லை.

கனடாவில் 1984-இல் பண்டி விரிகுடாவின் கிளையான அன்னபாலிஸ் கழியில் 20 மெகாவாட் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. அது முன்னரே இருந்த ஓர் அணையில் அமைந்தது. ஆயினும் அங்கு மீன்கள் டர்பைனில் அடிபட்டு மடிந்தன. 2004-இல் திமிங்கலம் ஒன்று மீன்களைத் தொடர்ந்து மதகு வழியே உட்புகுந்து அகப்பட்டுக்கொண்டது. மீன்களுக்கு நேரும் கேடு பற்றிய கேள்வி வலுத்திருந்த நிலையில் எந்திரமும் பழுதுற, 2019-இல் அந்நிலையம் நின்றது. இங்கிலாந்தின் செவர்ன் கழிமுகத்திலோ 1925 முதல் குழுமேல் குழு அமைத்து ஆராய்ந்தனர். அந்நாட்டின் மின் தேவையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கைத் தரவல்ல பேரணை அது. 2010-இல் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. மூவாயிரம் கோடி பவுனுக்கும் மேற்படக்கூடிய செலவு ஒரு காரணம். ஓதம் இறங்கியதும் வெளிப்படும் பரந்த சேற்றுவெளியில் பனிக்காலம் முழுவதும் இரைதேடும் பல்லாயிரம் பறவைகளின் வாழ்வும் அவ்விவாதத்தில் பெரிதாகப் பேசப்பட்டது.

இதுவரை கேட்டவர்கள், ஓத மின்னாற்றல் வேண்டாத ஒன்று என்ற முடிவுக்கு வந்திருக்கக்கூடும். அவர்கள் என்னோடு தென்கொரியாவின் மேற்குக் கரைக்கு வரவேண்டும்.

அங்கே சிகுவா என்ற கடற்பரப்பின் குறுக்கே 1994-இல் 12.7 கிலோமீட்டர் நீளமுள்ள கடலணை கட்டி முடித்தனர். அதன் நோக்கம் மின்சாரமன்று. கடலை அடைத்து, உள்ளே நன்னீர் ஏரி உண்டாக்கி, மீட்கப்படும் நிலத்திற்குப் பாசனம் செய்வதே நோக்கம். நினைத்தது ஒன்று, நடந்தது மற்றொன்று. அண்டையிலிருந்த தொழிற்சாலைகளின் கழிவும் நகரங்களின் சாக்கடையும் ஏரியிற் கலந்தன, வெளியேற வழியில்லை. நீர் அழுகியது, மீன்கள் குவியல் குவியலாகச் செத்தன. உழவுக்கு உதவவேண்டிய நீர் தொடுவதற்கும் ஆகாததாயிற்று. நன்னீர் ஏரி என்ற எண்ணத்தையே சில ஆண்டுகளுள் கைவிட நேர்ந்தது.

அப்போது ஒரு கேள்வி பிறந்தது. கடல்நீரை மீண்டும் உள்ளே விட்டே ஆகவேண்டும் என்றால், விடும்போது அதைக் கொண்டு மின்சாரமும் எடுக்கலாகாதா? முன்பே எழுந்துவிட்ட அணையில் பத்து டர்பைன்களும் எட்டு மதகுகளும் அமைத்தனர். 2011-இல் நிலையம் இயங்கத் தொடங்கியது. திறன் 254 மெகாவாட். ரான்சைக் காட்டிலும் 14 மெகாவாட் மிகுதி. ஆண்டுக்குச் சுமார் 55 கோடி யூனிட் எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. ஏரியைச் சூழ்ந்த நிலம் தாழ்ந்திருப்பதால் உள்நீரை உயர்த்திவைக்க இயலாது. ஆகவே கடல் ஏறும்போது மட்டும் மின்சாரம் எடுத்து, இறங்கும்போது மதகுகளைத் திறந்து நீரை வெளியே விட்டுவிடுகின்றனர். நாள்தோறும் புதுநீர் புகுந்து பழைய நீர் வெளியேறியது. கழிவைச் சுத்திகரிக்கும் வேலையும் உடன் நடக்க, ஏரி தெளிந்தது. மீன்களும் பறவைகளும் திரும்பின.

ரான்சில் ஓத நிலையம் ஒரு வாயிலை அடைத்தது. சிகுவாவில் ஒரு வாயிலைத் திறந்தது. டர்பைன் ஒரே இனந்தான். பயனோ மாறாக முடிந்தது. எனினும் சிகுவாவை அளவுக்கு மிஞ்சிப் புகழவும் வேண்டா. அணை எழுந்த நாளில் மறைந்த சேற்றுநிலமும், அதில் சிப்பி பொறுக்கி வாழ்ந்த குடும்பங்களின் பிழைப்பும் முன்போல் மீளவில்லை. இதனைக் கொரியரும் உணர்ந்தனர் என்றே தோன்றுகிறது. அதே கரையில் கரோரிம் விரிகுடாவின் வாயிலை அடைத்து 520 மெகாவாட் நிலையம் அமைக்க ஒரு திட்டம் இருந்தது. மீனவர் பலர் எதிர்த்தனர். புள்ளிகளுடைய கடல்நாய்கள் வாழும் இடம் அது. 2014-இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்தத் திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டாண்டுக்குப் பின் அவ்விரிகுடா காக்கப்படவேண்டிய கடற்பகுதி என்று அறிவிக்கப்பட்டது. கெட்ட நீருக்கு மருந்தாகிய பொறியை நல்ல நீரில் நுழைக்க அவர்கள் ஒருப்படவில்லை.

அணையே இல்லாமல் ஓதத்தைப் பயன்படுத்த முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். முடியும். குறுகிய நீரிணைகளில் ஓதம் ஆறுபோல் விரைந்து ஓடும். அந்த ஓட்டத்தின் நடுவே, காற்றாலையைக் கடலடியில் நாட்டினாற்போல் டர்பைனை நிறுத்தலாம். லண்டன் பாலத்துச் சக்கரங்களின் வழித்தோன்றல் என்றே இதனைக் கூறவேண்டும். நெண்ட்ரம் துறவிகள் மாவு அரைத்த அதே ஸ்டிராங்போர்டு கழியின் வாயிலில் 2008-இல் 1.2 மெகாவாட் எந்திரம் ஒன்றை நிறுவினர். சோதனைகள் முடிந்தபின் 2019-இல் அதனை அகற்றிவிட்டனர். ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள பென்ட்லண்டு நீரிணையில் 1.5 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள் கடலடியில் நிறுவப்பட்டன. கழிமுகத்தின் வாயில் இங்கே அடைபடுவதில்லை, பெருந்தேக்கமும் வேண்டுவதில்லை. அதனால் கேடும் குறைவு. கிடைக்கும் மின்சாரமும் குறைவு. கடலடியில் பழுதுபார்க்கும் செலவு மட்டும் குறைவில்லை.

நம் நாட்டின் நிலை என்ன? குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் 11 மீட்டர் வரையும், கச்சு வளைகுடாவில் 8 மீட்டர் வரையும் ஏறுகிறது. வங்கத்துச் சுந்தரவனக் கழிகளில் அதைவிடக் குறைவு. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2014-இல் செய்த ஆய்வு, இந்தியாவில் சுமார் 12,455 மெகாவாட் ஓத ஆற்றல் இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. இருக்கக்கூடும் என்பது வேறு, எடுக்கக்கூடும் என்பது வேறு. சுந்தரவனத்தின் துர்காதுவானிக் கழியில் 3.75 மெகாவாட் நிலையம் அமைக்க 238 கோடி ரூபாய் ஆகும் என்று கணக்கிட்டதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. கச்சு வளைகுடாவில் 750 கோடி ரூபாயில் எண்ணிய 50 மெகாவாட் திட்டமும் அவ்வாறே நின்றது. காம்பே வளைகுடாவில் ஓதம் பெரிது. ஆனால் நருமதை, தபதி, மாகி, சபர்மதி ஆகிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டலும் பெரிது. ரான்சின் வண்டல் வழக்கை அறிந்தவன் இங்கே அணை கட்டுமுன் பன்முறை எண்ணுவான்.

மாணவ நண்பர்களே! ஓத மின்னாற்றலின் நன்மை தீமைகளை எழுதுக என்று உங்களை ஒருவர் கேட்டால், நீங்கள் எழுதவேண்டியவற்றை எழுதுங்கள். எரிபொருள் வேண்டா, புகை இல்லை, வேளையை முன்கூட்டியே அறியலாம், அணை நெடுங்காலம் உழைக்கும் என்பன நன்மைகள். முதற்செலவு மிகுதி, தக்க இடங்கள் மிகச் சில, இடைவிட்டு இடைவிட்டே மின்சாரம் வரும், கழிமுகத்து உயிர்களுக்குக் கேடு நேரலாம் என்பன தீமைகள். ஆனால் அதனோடு நின்றுவிடாதீர்கள். எந்த இடம், எந்த அணை, யாருடைய நீர் என்று கேளுங்கள். அந்த அணை எழுமுன் அங்கே ஓதத்தை நம்பி வாழ்ந்தவர் யார், வாழ்ந்த உயிர்கள் எவை என்று கேளுங்கள். வாயில் அடைபடப்போகிறதா, திறக்கப்படப்போகிறதா என்று கேளுங்கள். டோவர் துறைமுகத்து ஆலையைக் குறித்த கணக்கர் 1086-இல் அதனால் பிறர்க்கு நேர்ந்த இழப்பையும் எழுதிவைத்தார். வருங்காலத்தில் உங்களுள் சிலர் பொறியறிஞராகவும், சிலர் நாட்டின் பணத்தைப் பங்கிட்டுச் செலவிடுபவராகவும் ஆவீர்கள். கடலை அடைக்கும் திட்டமொன்று உங்கள் மேசைக்கு வருமானால், நீங்கள் எழுதும் கணக்கில் வரவு, இழப்பு என்னும் இரண்டு பத்தியும் இருக்கட்டும்.